எண்ணெய் கலந்தது யார்?

பேரணாம்பட்டிலிருந்து எழுதுவோர் தோலைப் பற்றி எழுதுவர். நீங்கள் ஸ்கூட்டரைப் பற்றி எழுதினால் யார் படிப்பார் என்று எங்கள் வீட்டார் கேட்டனர். கேள்வியில் நியாயம் உண்டு. எனினும் முப்பத்து மூன்று ஆண்டுகள் ஒரு மனிதர்மீது நாங்கள் சுமத்தி வைத்திருந்த பழியை இறக்கி வைக்க வேண்டியிருக்கிறது. அந்தப் பழி பிறந்த இடம் ஒரு பழைய இயந்திரத்தின் உட்புறம். ஆதலால் முதலில் அந்த இயந்திரத்தை வாசகர்களுக்கு அறிமுகம் செய்துவிட்டுப் பிறகு எங்கள் குற்றத்துக்கு வருகிறோம்.

நாங்கள் என்பது அண்ணன் தம்பி இருவர். எழுதும் கை ஒன்று. எழுத ஒப்புக்கொண்ட மனம் இரண்டு.

எங்கள் தந்தையார் தோல் ஷாப்பில் பதனிட்ட ஆட்டுத் தோலைத் தரம் பிரிப்பவர். அதிகாலையில் மேசைமுன் நின்றாரானால் லுஹர் நேரம்வரை நின்றபடியே தோலைப் புரட்டிக்கொண்டிருப்பார். கத்தி பட்ட கீறல், முள் கிழித்த தழும்பு, அம்மை வடு, உப்பு போதாமல் அழுகிய இடம் எல்லாம் அவர் விரல் நுனிக்குத் தெரியும். ஆவாரம் பட்டையும் கடுக்காயும் இட்டுப் பதனிட்ட தோல்கள் சென்னைப் பெரியமேட்டுக்குப் போய் அங்கிருந்து கப்பலேறிய காலம் அது. தரம் பிரிப்பவர் ஒரு கட்டில் ஒரு தோலைத் தவறாக வைத்துவிட்டால் முதலாளியின் பெயர் கெடும். ஆகவே, "தோலின் நோய் முதுகில் தெரியும், அதன் காரணம் ஆடு மேய்ந்த காட்டில் இருக்கும், காட்டுக்குப் போகாமல் காரணம் சொல்லாதே" என்று அவர் அடிக்கடி சொல்வார். இதை நாங்கள் எத்தனை முறை கேட்டோம் என்று எண்ணிச் சொல்ல முடியாது. கேட்டதால் என்ன பயன் விளைந்தது என்பதைப் பின்னால் சொல்கிறோம்.

1974ஆம் ஆண்டு அவர் ஒரு லாம்ப்ரெட்டா ஸ்கூட்டரை இரண்டாம் கையாக வாங்கினார். அந்நாளில் புது ஸ்கூட்டருக்குப் பதிவு செய்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். பிள்ளை பிறந்தபோது பதிவு செய்தால் அது பள்ளிக்குப் போகும்போது வண்டி வரும் என்று ஊரில் வேடிக்கையாகச் சொல்வர். எனவே பழைய வண்டிக்கும் அன்று மதிப்பு மிகுதி. எங்கள் வீட்டு வாசலில் அது வந்து நின்ற நாளில் தெருவே கூடியது. அம்மா ஒரு தட்டில் சர்க்கரை வைத்துக் கொடுத்தார்.

அதன் பிறப்பு இத்தாலி தேசத்தில். இரண்டாம் உலகப் போரில் சிதைந்து போன அந்நாட்டில் மக்கள் வேலைக்குப் போய்வர மலிவான வாகனம் ஒன்று தேவைப்பட்டது. விமானம் கட்டிக்கொண்டிருந்த பியாஜியோ நிறுவனம், கொராடினோ தாஸ்கானியோ என்ற விமானப் பொறியாளரின் வடிவமைப்பில் 1946இல் வெஸ்பாவை வெளியிட்டது. எஃகுக் குழாய் செய்துகொண்டிருந்த பெர்டினாண்டோ இன்னொசென்டியின் ஆலை அடுத்த ஆண்டே, 1947இல், லாம்ப்ரெட்டாவைக் கொணர்ந்தது. தகட்டையே வளைத்து உடலாக்கியது வெஸ்பா. குழாய்க்காரரின் வண்டியாதலால் லாம்ப்ரெட்டாவுக்குக் குழாயே முதுகெலும்பு. மிலான் நகரத்தில் அந்த ஆலை இருந்த பகுதிக்கு லாம்ப்ராத்தே என்று பெயர். அவ்வழியே ஓடும் லாம்ப்ரோ ஆற்றின் பெயரைக் கொண்டது அப்பகுதி; அப்பகுதியின் பெயரைக் கொண்டது வண்டி. பாலாற்றங்கரை ஊர்களில் ஓர் இத்தாலிய ஆற்றின் பெயர் ஓடிக்கொண்டிருந்தது என்பதை நாங்கள் வெகுநாள் கழித்தே அறிந்தோம்.

நம் நாட்டில் அதைச் செய்தது பம்பாயிலிருந்த ஏ.பி.ஐ. என்னும் ஆட்டோமொபைல் ப்ராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா நிறுவனம். எங்களது எல்.ஐ. 150 வகை, இரண்டாம் வரிசை. மிலானில் லாம்ப்ரெட்டா உற்பத்தி 1971இல் நின்றது. இந்திய அரசு அந்த ஆலையின் இயந்திரங்களையும் வரைபடங்களையும் உரிமையையும் வாங்கி, 1972இல் தொடங்கிய ஸ்கூட்டர்ஸ் இந்தியா நிறுவனத்தின் பேரில் லக்னோவில் நிறுவியது. 1975இல் அங்கு உற்பத்தி தொடங்கிற்று. விஜய் ஸ்கூட்டர் அங்கே பிறந்ததுதான். லாம்ப்ரெட்டா என்ற பெயர் லக்னோவுக்குப் போய்விட்டதால் பம்பாய்க்காரர் 1976 முதல் தம் வண்டிக்கு லாம்பி என்று பெயர் மாற்றினர். லக்னோவிலும் 1997இல் ஸ்கூட்டர் உற்பத்தி நின்றது. செய்த ஊர்கள் எல்லாம் கைவிட்ட பின்னரும் அவ்வண்டிகள் நம் தெருக்களில் ஓடினவென்றால் அதற்குக் காரணம் மெக்கானிக்குகள்தாம்.

எங்கள் ஊரிலும் அப்படி ஒருவர் இருந்தார். அவரை எல்லோரும் உஸ்தாத் என்பர். பெயரை எழுத வேண்டாமென்று அவரே கேட்டுக்கொண்டதால் எழுதவில்லை, ஊரார் அறிவர். மார்க்கெட் பக்கம் ஒரு தகரக் கொட்டகை, இரண்டு பையன்கள், சுவரில் ஆணியடித்து மாட்டிய பழைய கேபிள்கள். அவ்வளவுதான் அவர் தொழிற்சாலை. படிக்காத வண்டி நூலையெல்லாம் அவர் காது படித்திருந்தது.

வண்டி கிளம்பவில்லையென்று போனால் அவர் உடனே எதையும் கழற்ற மாட்டார். "நெருப்பு, தண்ணீர், காற்று. மூன்றில் எது இல்லை?" என்பார். பிளக்கைக் கழற்றி இன்ஜின்மீது வைத்து உதைத்தால் நீலப்பொறி பறக்கிறதா என்று பார்ப்பது நெருப்பு. பெட்ரோல் கார்புரேட்டருக்கு வந்து சேர்கிறதா என்பது தண்ணீர். பிஸ்டன் மேலேறும்போது உதைக்கும் காலுக்கு எதிர்ப்புத் தெரிகிறதா, உள்ளே வரும் காற்று வரவேண்டிய வழியாக மட்டும் வருகிறதா என்பது மூன்றாவது. இந்த மூன்றையும் பார்க்காமல் கையில் ஸ்பானர் எடுக்கிறவன் திருடன் அல்லது முட்டாள் என்பது அவருடைய கொள்கை.

பிளக்கின் முனையைப் பார்த்து அவர் நாடி சொல்வார். காப்பித்தூள் நிறமாயிருந்தால் உடம்பு நலம். கரிபிடித்து ஈரமாயிருந்தால் பெட்ரோலோ எண்ணெயோ மிகுதி. வெளுத்து உலர்ந்திருந்தால் ஆபத்து. எரிபொருள் போதாமல் உள்ளே காய்கிறது. பாயின்ட் என்னும் தட்டுமுனைகளுக்கு இடையே அரை மில்லிமீட்டருக்கும் சற்றுக் குறைவாக இடைவெளி இருக்க வேண்டும். தேய்ந்து அது குறைந்தாலும் கூடினாலும் பொறி தடுமாறும். இரண்டு மைல் ஓடிப் பிறகு தானே நின்று, சற்றுப் பொறுத்தால் மறுபடி கிளம்பும் வண்டி ஒன்றை ஒருவர் மூன்று ஊர்களில் காட்டிவிட்டு இவரிடம் வந்தார். உஸ்தாத் பெட்ரோல் தொட்டியின் மூடியை எடுத்து அதிலிருந்த சிறு துளையை ஊசியால் குத்திக் கொடுத்துக் காசு வேண்டாமென்று அனுப்பினார். மூடியின் துளை அடைத்துக்கொண்டால் தொட்டிக்குள் காற்று புகாது. காற்று புகாவிட்டால் பெட்ரோல் கீழே இறங்காது. அவ்வளவே நோய்.

எங்கள் ஊருக்கென்று சில நோய்கள் உண்டு. பச்சைத் தோலில் தடவிய உப்பு மூட்டையிலிருந்து உதிர்ந்து வண்டியின் கால்மிதித் தகட்டை அரிக்கும். கேபிளுக்குள் புகுந்து கிளட்சை இறுக்கும். ஆட்டு ரோமமும் தூசும் சேர்ந்து சிலிண்டரின் மடிப்புகளை அடைக்கும். லாம்ப்ரெட்டாவின் இன்ஜின் தகடுகளுக்குள் மூடியிருப்பது. பறக்கும் காற்று அதன்மீது படாது. சக்கரம்போல் சுழலும் மேக்னெட்டோவின் விசிறிதான் காற்றை உள்ளே தள்ளும். மடிப்புகள் அடைபட்டால் அந்தக் காற்றுக்கு வழியில்லை, இன்ஜின் வெந்துபோகும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை மூடியைக் கழற்றி மடிப்புகளைத் துலக்க வேண்டும் என்று உஸ்தாத் எங்களுக்குப் பழக்கியிருந்தார். வெள்ளிக்கிழமை காலையில் அந்த வேலையை முடித்துக் குளித்துவிட்டு ஜும்ஆவுக்குப் போவது எங்கள் வீட்டு வழக்கம்.

எல்லாவற்றையும்விடப் பெரிய விதி ஒன்றுண்டு. அது இரண்டு வீச்சு இன்ஜின். கார் போலவோ புல்லட் போலவோ இதற்குத் தனியாக எண்ணெய்க் கிணறு கிடையாது. கியருக்கு மட்டுமே தனி எண்ணெய். பிஸ்டனுக்கும் கிராங்குக்கும் உயவு கொடுப்பது பெட்ரோலோடு கலந்து போகும் எண்ணெய்தான். எங்கள் வண்டிக்கு உஸ்தாத் விதித்த அளவு இருபத்தைந்துக்கு ஒன்று: ஐந்து லிட்டர் பெட்ரோலுக்கு இருநூறு மில்லி. எண்ணெய் கூடினால் புகையும், கரியும், பிளக் அடைப்பும். அதனால் வண்டி நிற்கும், ஆள் பிழைப்பான். எண்ணெய் இல்லாவிட்டாலோ உலோகத்தோடு உலோகம் உரசி, சூடேறிப் பிஸ்டன் பெருத்து, சிலிண்டரைக் கவ்விப் பிடித்துக்கொள்ளும். பின்சக்கரம் அந்தக் கணமே பூட்டிக்கொள்ளும்.

எங்கள் குற்றத்துக்கு வந்துவிட்டோம்.

1988ஆம் ஆண்டு. எங்களில் மூத்தவருக்கு இருபது வயது. கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. இளையவர் பதினேழு. இன்ஜின் தேய்ந்து புகை கக்கியதால் உஸ்தாத் சிலிண்டரைப் போர் போட்டு, ஒரு சுற்றுப் பெரிய பிஸ்டனை மாட்டிக் கொடுத்தார். "ஐந்நூறு மைல்வரை பிள்ளை பெற்றவளைப் பார்ப்பதுபோல் பாருங்கள்" என்று சொல்லியனுப்பினார். மூன்றாம் நாள் தந்தையார் பச்சைத் தோல் பார்ப்பதற்காக வெங்கடகிரிக்கோட்டைக்குப் போகவேண்டியிருந்தது. பத்தலப்பல்லி மலைப்பாதையில் ஏறித்தான் ஆந்திர எல்லைக்குள் போக வேண்டும்.

முதல்நாள் இரவு இளையவர் ஒரு கேனில் ஐந்து லிட்டர் பெட்ரோல் வாங்கி வந்து திண்ணையில் வைத்தார். வழக்கமாக எண்ணெயை வீட்டில் அளந்து கேனில் ஊற்றிக் குலுக்கிப் பிறகே தொட்டியில் விடுவோம். அன்று மின்சாரம் போயிருந்தது. மூத்தவர் இருட்டில் கேனை எடுத்துத் தொட்டியில் ஊற்றினார். விளக்கிருந்தால் நிறத்தைக் கொண்டே எண்ணெய் கலந்ததா இல்லையா என்று தெரிந்திருக்கும். தம்பி கலந்து வைத்திருப்பார் என்று அண்ணன் நினைத்தார். அண்ணன் கலந்து ஊற்றியிருப்பார் என்று தம்பி நினைத்தார். இவ்வாறு நினைத்துக்கொண்டோம் என்பதுகூட அன்று எங்களுக்குத் தெரியாது.

தொட்டியில் எஞ்சியிருந்த பழைய கலவை சிறிது தூரம் வண்டியைக் காத்தது. மலைப்பாதையில் ஏறும்போது இன்ஜின் பிடித்துக்கொண்டது. பின்சக்கரம் பூட்டி வண்டி சறுக்கித் தந்தையாரின் வலது கால்மீது விழுந்தது. பின்னால் வந்த லாரிக்காரர்கள் அவரையும் வண்டியையும் இறக்கிக் கொண்டுவந்தனர். சாய்ந்து கிடந்த வண்டியிலிருந்து பெட்ரோல் முழுவதும் பாதையிலேயே ஒழுகிப் போயிருந்தது. வேலூரில் மருத்துவமனையில் காலுக்குக் கட்டுப் போட்டார்கள். உயிருக்குப் பயமில்லை, அல்ஹம்து லில்லாஹ். ஆனால் அந்தக் கால் பிறகு நேராகவில்லை.

அன்று மாலையே நாங்கள் இருவரும் உஸ்தாதின் கொட்டகைக்குப் போனோம். எதிரே டீக்கடை, அஸருக்குப் பின் கூட்டம் நிறைந்திருக்கும் நேரம். போரை இறுக்கமாகப் போட்டு எங்கள் அத்தாவைக் கொல்லப் பார்த்தீர் என்று மூத்தவர் உரக்கச் சொன்னார். வேலை தெரியாதவர் கடையை மூட வேண்டியதுதானே என்று இளையவர் சேர்த்துக்கொண்டார். உஸ்தாத் கையிலிருந்த துணியில் கையைத் துடைத்துக்கொண்டு ஒன்றே ஒன்று கேட்டார்.

"பேட்டா, எண்ணெய் கலந்தீர்களா?"

"கலந்தோம்!" என்றோம். இருவரும் ஒரே மூச்சில் சொன்னோம்.

அப்போது அந்தச் சொல்லில் பொய் இருந்ததென்று எங்களுக்குத் தெரியாது. 'கலந்தேன்' என்று இருவரில் ஒருவர்கூடச் சொல்லவில்லை. 'நாங்கள்' என்ற சொல்லுக்குள் இருவரும் ஒளிந்துகொள்ள இடமிருந்தது. உஸ்தாத் எங்கள் முகத்தை மாறி மாறிப் பார்த்தார். பிறகு உள்ளே போய்விட்டார். பதில் சொல்ல முடியாமல் போகிறார் என்று டீக்கடையில் யாரோ சொன்னார்கள். அதுவே தீர்ப்பாயிற்று.

வண்டியைக் குடியாத்தத்துக்கு ஏற்றிப்போய் வேறொரு மெக்கானிக்கிடம் காட்டினோம். போர் இறுக்கமாகத்தான் இருந்திருக்கும் என்று அவரும் சொன்னார். நாங்கள் கேட்க விரும்பியதை அவர் சொன்னார். நாங்கள் வேறெதுவும் கேட்கவில்லை.

தந்தையார் கட்டிலில் கிடந்தபடி, "விசாரித்தீர்களா?" என்று கேட்டார். விசாரித்துவிட்டோம் என்றோம். "தோலைப் பார்த்தீர்களா, விலையைக் கேட்டீர்களா?" என்றார். அதற்கு நாங்கள் பதில் சொல்லவில்லை. பழுதான பிஸ்டனைக் கொண்டுவரச் சொல்லித் தம் மேசையிலிருந்த பழைய பிஸ்கட் டின்னில் துணி சுற்றி வைத்துக்கொண்டார். பின்னாளில் நொண்டியபடி பள்ளிவாசலுக்குப் போகும்போது உஸ்தாதைக் கண்டால் முன்போலவே அவர்தாம் முதலில் ஸலாம் சொல்வார். நாங்கள் மறுபக்கம் திரும்பிக்கொள்வோம்.

நாள் முழுவதும் நின்று தோல் பார்க்க அவரால் பிறகு முடியவில்லை. உட்கார்ந்து கணக்கெழுதும் வேலைக்கு மாறினார்; சம்பளம் குறைந்தது. மூத்தவர் படிப்பை நிறுத்திவிட்டுத் தோல் ஷாப்புக்குப் போனார். இந்த இழப்புகளையெல்லாம் உஸ்தாதின் கணக்கில் எழுதிவைத்தோம். கஷ்டம் வரும்போதெல்லாம் அந்தக் கணக்கைப் புரட்டிப் பார்ப்பது எங்களுக்கு ஓர் ஆறுதலாக இருந்தது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம்.

காலம் ஓடியது. 1996 ஆகஸ்டில் வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பாலாற்றைக் கெடுத்த தோல் பதனிடும் ஆலைகள் அதற்குரிய ஈட்டைத் தாமே செலுத்த வேண்டும் என்றது அத்தீர்ப்பு. கெடுத்தவனே ஈடு செய்ய வேண்டும் என்னும் கொள்கை இந்த நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று அது உறுதி செய்தது. எங்கள் ஊர்ப் பிழைப்பையே உலுக்கிய அத்தீர்ப்பைப் பற்றி வீட்டில் பலநாள் பேசினோம். "சரியான தீர்ப்புதான், யார் கெடுத்தார் என்று முதலில் சரியாகத் தெரியவேண்டும், அவ்வளவே" என்றார் தந்தையார். ஆலைகளைப் பற்றிச் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டோம்.

அவர் 2009இல் மறைந்தார். அதற்கு வெகு முன்னரே ஓட்டம் நின்றுபோன லாம்ப்ரெட்டா, பின்கட்டில் தார்ப்பாய்க்குள் கிடந்தது. பழைய லாம்ப்ரெட்டாக்களை வாங்கிச் சீர்செய்து சீமைக்கு அனுப்பும் வியாபாரிகள் உண்டு. அவர்களுக்காகத் தேடித் திரிந்த ஒருவர் வந்து நல்ல விலை கேட்டார். இளையவர் கொடுத்துவிடலாம் என்றார், மூத்தவர் மறுத்தார். பேச்சு வளர்ந்து சில மாதம் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போகாமலும் இருந்தோம்.

2021இல் கொரோனா முடக்கக் காலத்தில் வீட்டில் அடைந்து கிடந்தபோது தார்ப்பாயை விலக்கினோம். தொட்டியில் துரு, கார்புரேட்டரில் பழைய பெட்ரோல் உலர்ந்து பிசினாகியிருந்தது. கார்புரேட்டரின் நுண்துளைகளைக் கம்பியால் குத்தாமல் ஊதித்தான் எடுக்க வேண்டும். குத்தினால் துளை பெரிதாகி அளவு கெடும். இக்காலப் பெட்ரோலில் எத்தனால் கலந்து வருகிறது. அது காற்றின் ஈரத்தை உறிஞ்சும். பழைய ரப்பர் உறைகளையும் குழாய்களையும் இளக்கும். ஆகவே குழாய்களை மாற்றினோம். நெடுநாள் நிறுத்துவதானால் தொட்டியை வடித்துவிட வேண்டும் என்றும் அறிந்தோம். கிராங்கின் இருபுறமும் இருக்கும் ஆயில் சீல்கள் காய்ந்து வெடித்திருந்தன. அவ்வழியே திருட்டுக் காற்று புகுந்தால் கலவை நீர்த்து இன்ஜின் காயும் என்பதால் அவற்றையும் மாற்றினோம். உதிரி பாகங்கள் இன்றும் நம் நாட்டிலேயே கிடைக்கின்றன. எங்களை விலக்கி வைத்த வண்டியே எங்களைச் சேர்த்தும் வைத்தது.

கடைசியில் பெட்ரோல் ஊற்றும் நாள் வந்தது. மூத்தவர் கேனைப் பிடித்துக்கொண்டார். இளையவர் எண்ணெயை அளவுக் குவளையில் ஊற்றினார்.

"அத்தா மலைக்குப் போன முதல்நாள் நீ அளந்தாயே, அதுபோல் சரியாக அள" என்றார் மூத்தவர்.

"அன்றைக்கு நான் எங்கே அளந்தேன்? நீங்கள்தானே கலந்து ஊற்றினீர்கள்?" என்றார் இளையவர்.

சிறிது நேரம் ஒருவரும் பேசவில்லை. பிறகு, அந்த இரவில் யார் எங்கே நின்றோம், டின் எங்கே இருந்தது, மின்சாரம் எப்போது வந்தது என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டோம். எண்ணெய் டின் அலமாரியைவிட்டு இறங்கவேயில்லை. முப்பத்து மூன்று ஆண்டுகளில் ஒருமுறையேனும் ஒருவரையொருவர் கேட்டிருந்தால் போதுமாயிருந்த கேள்வி அது.

தந்தையாரின் பிஸ்கட் டின்னைத் திறந்தோம். துணிக்குள் பிஸ்டன் அப்படியே இருந்தது. அதற்குள் எங்களுக்குப் படிக்கத் தெரிந்திருந்தது. சூடேறிப் பிடிக்கும் பிஸ்டனில் பெரும்பாலும் புகை வெளியேறும் துளையின் பக்கம் கீறல் மிகுந்திருக்கும். போர் இறுக்கமானால் சுற்றளவில் சில இடங்களில் மட்டும் தேய்ந்து பளபளக்கும். இதிலோ மேலிருந்து கீழ்வரை சுற்றிலும் ஒரே வரிவரியான கிழிசல். ஊசி மாட்டும் துளை வெந்து கறுத்திருந்தது. எண்ணெயின்றிச் செத்த பிஸ்டன் என்று எந்த மெக்கானிக்கும் சொல்வார். தந்தையார் அதைப் படித்தாரா என்று எங்களால் சொல்ல முடியாது. தரம் பிரிக்கும் கைகள் அதை எத்தனையோ முறை புரட்டியிருக்கும். கேட்பதற்கு அவர் இல்லை.

மறுநாள் உஸ்தாதைத் தேடிப் போனோம். மகன் வீட்டு மாடியில் இருந்தார். கண் மங்கியிருந்தது, குரலைக் கொண்டு எங்களை அறிந்தார். பிஸ்டனை அவர் கையில் கொடுத்துவிட்டு நடந்ததைச் சொன்னோம். இம்முறை, "நான் கலக்கவில்லை, உஸ்தாத்" என்று இருவரும் தனித்தனியே சொன்னோம். அவர் பிஸ்டனை விரலால் சுற்றித் தடவினார்.

"எனக்கு அன்றைக்கே தெரியும், பேட்டா. நீங்கள் இருவரும் சேர்ந்து பதில் சொன்னபோதே தெரியும்" என்றார்.

அப்படியானால் ஏன் சொல்லவில்லை என்று கேட்டோம். தகப்பன் காலுடைந்து கிடக்கும்போது உங்களால்தான் உடைந்தது என்று பிள்ளைகளிடம் எந்த வாயால் சொல்வது என்றார். நாலு நாளில் நீங்களே கண்டுபிடித்து வருவீர்கள் என்று இருந்துவிட்டேன் என்றார். பிறகு நடந்ததையும் சொன்னார். அதைச் சொல்லும்போது அவர் குரலில் கனிவில்லை. இருக்க வேண்டிய அவசியமும் இல்லை. டீக்கடைப் பேச்சு ஊர் முழுவதும் போயிற்று. புதிதாகப் போர் போடும் வேலை எதுவும் அவரிடம் வரவில்லை. கொட்டகையை மூடிவிட்டுப் பெங்களூரில் இன்னொருவர் பட்டறையில் கூலிக்குப் போனார். நாலு ஆண்டுகள் பிள்ளைகளைப் பிரிந்து அங்கே இருந்தார். திரும்பி வந்தபின் சைக்கிள் பழுது பார்த்துத்தான் பிழைத்தார்.

நாங்கள் அழுதோம். மன்னிக்க வேண்டும் என்று கேட்டோம்.

"என் பங்குக்கு மன்னித்துவிட்டேன். உங்கள் அத்தா ஒவ்வொரு நாளும் எனக்கு ஸலாம் சொன்னார், அதற்காகவே மன்னித்துவிட்டேன்" என்றார். சற்று நேரம் கழித்து, "ஆனால் நீங்கள் என் வீட்டு மாடியிலா என்னைத் திட்டினீர்கள்? டீக்கடையில் திட்டினீர்கள். அங்கே இருந்தவர்களுக்கும் சொல்லுங்கள்" என்றார்.

அல்லாஹ்விடம் செய்த குற்றத்துக்கு அல்லாஹ்விடம் கேட்கலாம். மனிதனிடம் செய்ததற்கு அந்த மனிதனிடம் கேட்டாக வேண்டும் என்று சிறுவயதில் ஓதிக் கொடுத்தார்கள். எந்தச் சபையில் பழித்தோமோ அந்தச் சபையில் திருப்பிச் சொல்ல வேண்டும் என்பதை அன்று உஸ்தாத் ஓதிக் கொடுத்தார்.

அந்த டீக்கடை இப்போது இல்லை. அன்று அங்கிருந்தவர்களில் நினைவிலிருந்த பதினோரு பேரில் நால்வரைத்தான் நேரில் கண்டு சொல்ல முடிந்தது. ஒருவர், அப்படியா, நான் மறந்தே போனேன் என்றார். அவர் மறந்த ஒன்றால்தான் ஒரு குடும்பம் நாலு ஆண்டுகள் பிரிந்திருந்தது. மற்றவர்கள் மண்ணறைக்குப் போய்விட்டனர். அவர்கள் பிள்ளைகள் சென்னையிலும் பெங்களூரிலும் வளைகுடாவிலும் இருக்கிறார்கள். அவர்கள் வீடுகளுக்கு இந்த இதழ் போகும் என்பதால் இங்கே எழுதுகிறோம்: 1988இல் எங்கள் தந்தையார் விழுந்தது உஸ்தாதின் வேலையால் அன்று. அவர் போட்ட போர் சரியானது. எண்ணெய் கலக்காதவர்கள் நாங்கள். உங்கள் தகப்பனார் அந்தக் கதையை உங்களிடம் சொல்லியிருந்தால், அன்புகூர்ந்து திருத்திக்கொள்ளுங்கள்.

வண்டி இப்போது ஓடுகிறது. வெள்ளிக்கிழமைகளில் உஸ்தாதின் வாசலில் நிறுத்தி இன்ஜினை ஓடவிடுவோம். அவர் மாடியிலிருந்தே கேட்டு, பாயின்டைப் பார், சைலன்ஸரில் கரி அடைத்திருக்கிறது என்று சொல்வார். போய்ப் பார்த்தால் அப்படித்தான் இருக்கும். தொட்டியின் அருகே ஒரு சிறு நோட்டைக் கயிற்றில் கட்டி வைத்திருக்கிறோம். தேதி, பெட்ரோல், எண்ணெய் என்று கோடு போட்டு, நான்காவதாக 'கலந்தவர்' என்று ஒரு பத்தியும் போட்டிருக்கிறோம். அந்தப் பத்தியில் எங்கள் இருவர் பெயரையும் சேர்த்து எழுதக் கூடாது. ஒருவர் பெயர்தான் இருக்க வேண்டும்.